கழுத்து மட்டும்

ஹார்லன் ட்வைட்டுக்குப் பக்கவாதம் வந்தது மார்ச் மாதத்தில், கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியிருந்த ஒரு காலையில். காபி ஊற்றிக்கொண்டிருந்தவர், கோப்பை நிரம்பி மேசையெல்லாம் வழிவதைப் பார்த்தபடியே நின்றாராம். "என்ன பண்ற நீ?" என்று நடீன் கேட்டதற்குத் திரும்பிப் பார்த்து, நல்ல தெளிவாக, "செவ்வாய்க்கிழமை" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. அதற்குள் அவருடைய வலது கை தொங்கிவிட்டிருந்தது.

நடீன் அவருடைய மனைவி. அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறவர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன், மீதியை பஸ் நிறுத்தும் கொட்டகையில் அவள் சொல்லக் கேட்டேன்.

மிசூலா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஹார்லன் நடந்தார், சாப்பிட்டார், நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பேச்சுதான் போய்விட்டிருந்தது. மனசில் இருக்கிற சொல் வாய்க்கு வருவதற்குள் வேறொன்றாகிவிடும், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். உப்பு வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை, கதவைச் சாத்தச் சொன்னாலும் செவ்வாய்க்கிழமை. முதலில் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

வலது கைக்கும் இன்னும் பிடிப்பு வரவில்லை, அதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் வாரந்தோறும் வந்தாள். பிசைவதற்கு நீலக் களிமண்ணும், துளையில் செருகி எடுக்கப் பிளாஸ்டிக் குச்சிகளும் கொண்டுவந்து கொடுத்தாள். வாழ்நாள் முழுக்க மரமில்லில் ரம்பப் பற்களைத் தீட்டிவிட்டு ஓய்வுபெற்ற மனிதர் ஹார்லன். குச்சிகளை ஒரு முறை பார்த்தார். டப்பாவோடு எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நடீன் அதை எடுத்துக் கழுவி வைத்தாள். அவர் மறுபடியும் போட்டார்.

மே மாதத்தில் ஒரு நாள், மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் வீடு திரும்பியபோது கராஜில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது.

கராஜின் ஒரு மூலை ஹார்லனுடையது. அங்கே கனமான பலகை மேசையில் கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்று முடுக்கப்பட்டிருக்கும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் பொறுக்கி வந்து, மறுபடி மருந்தடைத்துத் தோட்டா ஆக்குவது எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் நடப்பதுதான். சுடும்போது எழும் அழுத்தத்தில் கூடு விரிந்து, கழுத்து அகன்றுவிடும். அப்படியே விட்டால் புதுக் குண்டு அதில் நிற்காது. பிரஸ்ஸில் ஓர் அச்சைப் பொருத்தி, கூட்டை அதற்குள் ஏற்றிக் கழுத்தை இறுக்க வேண்டும். நிறையப் பேர் கூடு முழுவதையும் அச்சுக்குள் திணித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஹார்லன் கழுத்தை மட்டும் இறுக்குவார், உடம்பைத் தொடமாட்டார். ஏன் என்று நடீன் கேட்டதில்லை. சிறு வயதிலிருந்தே வேட்டைக்குப் போகிறவள் அவள். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு தோட்டா என்பது அவர் மேசையிலிருந்து தயாராக வரும் பொருளாக இருந்தது.

அவர் வலது கையால் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் வழுக்கின. மறுபடி எடுத்து வைத்தார், மறுபடி வழுக்கியது. கீழே இரண்டு மூன்று கூடுகள் கிடந்தன. குச்சிகளைத் தொடாத கை இது என்று நடீன் நினைத்துக்கொண்டாள். சத்தம் போடாமல் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு கூட்டை எடுத்துப் பிரஸ்ஸில் செருகினாள். அவருடைய வலது கையைக் கைப்பிடியில் வைத்து, அதன் மேல் அவருடைய இடது கையையே எடுத்து வைத்து மூடினாள்.

"இப்ப இழு."

கைப்பிடி இறங்கியது. கூடு மேலேறி அச்சுக்குள் போனது. கூட்டின் அடியில் பதிந்திருந்த பழைய பிரைமர், ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் அந்தச் சின்ன உலோகப் பொட்டு, கழன்று கீழே இருந்த கிண்ணத்தில் 'டிக்' என்று விழுந்தது. ஹார்லன் அந்தக் கிண்ணத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த கூட்டுக்காகக் கையை நீட்டினார்.

அதன் பிறகு அது அவர்களுடைய வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்ததும் இருவரும் கராஜுக்குப் போவார்கள். அவள் கூட்டைத் துடைத்து, கழுத்தைக் கிராஃபைட் தூளில் முக்கி எடுத்துக் கொடுப்பாள். கூடு அச்சில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருவதற்கு அந்தத் தூள் வேண்டும். அவர் இழுப்பார். மறுநாள் காலை நடீன் பஸ் ஏறும்போது விரல் நுனியெல்லாம் கறுப்பாக இருக்கும். அவள் சாண்ட்விச்சின் ரொட்டியிலும் கறுப்பு ரேகை பதிந்திருக்கும். "என்னடி, கரிச் சுரங்கத்துல வேலைக்குச் சேந்துட்டியா?" என்று கேட்டேன். "வீட்டுல முதலாளி ரொம்பக் கறாரு" என்றாள்.

ஜூன் கடைசியில் ஒரு நாள், அவள் தூளில் முக்கிய கூட்டை நீட்டியபோது ஹார்லன் வாங்கிக்கொள்ளவில்லை. முகத்தைச் சுளித்தார்.

"ஊது" என்றார்.

"என்ன சொன்ன?"

"ஊது."

கழுத்தில் தூள் அதிகமாக ஒட்டியிருந்தது. அவள் ஊதினாள். அவர் வாங்கிப் பிரஸ்ஸில் வைத்து இழுத்தார், ஒன்றுமே நடக்காததுபோல. நடீன் பக்கத்திலிருந்த ரப்பர் டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதங்களில் சரியான இடத்தில் வந்த முதல் சொல் அது. அதுவும் திட்டுவதற்காக வந்திருக்கிறது என்று சொல்லி என்னிடம் அழுதாள், சிரித்தாள், எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்போகேனில் இருக்கும் மகள் கிர்ஸ்டனுக்கு இது பிடிக்கவில்லை. அப்பாவைத் துப்பாக்கிச் சாமான் பக்கமே விடக்கூடாது என்று தொலைபேசியில் சண்டை போட்டாள். நடீன் பொறுமையாகச் சொன்னாள். வெடிமருந்தும் புதுப் பிரைமரும் ஹார்லனின் தம்பி மைலோ வீட்டில் பூட்டி இருக்கின்றன, ரைஃபிளும் அங்கேதான் இருக்கிறது, இங்கே இருப்பது வெறும் பித்தளை. கழுத்து மட்டும்தான் இங்கே, மிச்சமெல்லாம் மைலோவிடம். கிர்ஸ்டன் அரைமனதாகப் போனை வைத்தாள். ஆனால் அந்த மாதம் வந்த பயிற்சிப் பெண், ஹார்லனின் வலது கையில் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று சோதித்துவிட்டு, குச்சிகள் நன்றாக வேலை செய்கின்றன என்று மகிழ்ந்துபோனாள். நடீன் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

அந்த ஆண்டு எல்க் வேட்டைக்குத் தானே போவது என்று நடீன் முடிவு செய்தது அப்போதுதான். எங்கள் வீடுகளில் குளிர்காலம் முழுக்க அந்த ஒரு மானின் இறைச்சிதான். எப்போதும் ஹார்லன் கொண்டுவருவார். இந்த முறை அவர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு, அவர் கையால் இறுக்கிய தோட்டாக்களோடு, மைலோவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் போவாள். அதை அவரிடம் சொன்னபோது அவர் எழுந்து போய், தன்னுடைய ஆரஞ்சு மேல்சட்டையை எடுத்து வந்து அவள் தோளில் போட்டு அளவு பார்த்தார்.

ஆகஸ்ட் கடைசியில், பள்ளிக்கூடம் மறுபடி திறந்த வாரத்தில், மைலோ ஒரு காபி டப்பா நிறையக் கூடுகளைக் கொண்டுவந்தான். அண்ணன் ஆர்வமாகச் செய்கிறான் என்று கேள்விப்பட்டு, தான் சுட்டதையெல்லாம் சேர்த்து எடுத்து வந்திருந்தான். அவன் ரைஃபிளும் அதே அளவுதான், ஒரே கடையில் ஒரே பெட்டியாக வாங்கிய தோட்டாக்கள்தான். நடீன் நன்றி சொல்லி வாங்கி, இருந்த கூடுகளோடு கொட்டிக் கலந்து வைத்தாள்.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததும் ஹார்லன் ஒரு கூட்டை எடுத்து, அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அடுத்ததையும் தள்ளினார். நடீன் அதை எடுத்துத் துடைத்து மறுபடி நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"ம... ம..." என்று ஆரம்பித்தார். கண்ணை மூடித் தேடினார். "செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை என்ன? டாக்டரா? டாக்டர் அடுத்த வாரம்தானே."

"செவ்வாய்!" கூட்டின் அடியை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். அவளுக்கு அதில் ஒரு பித்தளை வட்டம் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவர் இன்னொரு குவியலைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் அதை இந்தப் பக்கம் இழுத்தாள். அவர் கையை வீசினார். டப்பா கவிழ்ந்து கூடுகள் கராஜ் முழுக்க உருண்டோடின.

அன்று பஸ்ஸில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்திருந்தது. எஞ்சின் வேறு தகராறு செய்திருந்தது. நடீன் வாயிலிருந்து வந்துவிட்டது: "நாள் பூரா பஸ் நிறைய பிள்ளைங்கள மேய்ச்சிட்டு வரேன் ஹார்லன். வீட்டுலயும் ஒண்ணு மேய்க்க என்னால முடியாது."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பல நாள் அவர் கராஜ் பக்கம் வரவில்லை. நடீன் எல்லாவற்றையும் பொறுக்கி, மீதி இருந்த கூடுகளின் கழுத்தைத் தனியாக நின்று இறுக்கினாள். பிரைமர்கள் கிண்ணத்தில் விழுந்துகொண்டே இருந்தன. ஹக்கிள்பெரி பழம் வைத்து ஓர் இனிப்பு அப்பம் சுட்டு அவர் முன்னால் வைத்தாள். சாப்பிட்டார், தட்டையும் கழுவி வைத்தார், கோபமில்லை என்று காட்டத் தோளைத் தட்டினார். ஆனால் அவர் கண்ணில் ஏதோ சொல்ல வேண்டியது மிச்சமிருந்தது என்றாள். அது அந்தச் சொல்லால் வந்த வலி என்றுதான் அவள் நினைத்தாள். செப்டம்பரில் கூடுகளை மைலோ வீட்டுக்கு எடுத்துப் போய், அவன் மேசையில் இருவருமாக மருந்தும் குண்டும் வைத்து முடித்தார்கள். ஹார்லனின் ரைஃபிளில் சிலவற்றைச் சுட்டும் பார்த்தார்கள். அன்று கைக்கு வந்தவையெல்லாம் நன்றாகவே போயின.

அக்டோபர் கடைசியில், வேட்டைப் பருவம் திறந்த வார இறுதியில், நடீனும் மைலோவும் விடிவதற்கு முன்பே மலையேறினார்கள். புதுப்பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. வெளிச்சம் வந்தபோது புல்வெளியின் மேல் ஓரத்தில் எல்க் கூட்டம் நின்றது. கடைசியில் நின்ற பெட்டை பக்கவாட்டில் திரும்பி மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல தூரம், நல்ல காற்று. நடீன் விழுந்த மரத்தின் மேல் ரைஃபிளைச் சாய்த்து, தோட்டாவை உள்ளே ஏற்றி மூடும் போல்ட்டைத் தள்ளினாள். தோட்டா பாதி போய் நின்றது. போல்ட்டின் பிடி கீழே இறங்கவில்லை. இழுத்துவிட்டு அடுத்ததைத் தள்ளினாள். அதுவும் அப்படியே. மூன்றாவதற்குள் கூட்டம் தலையைத் தூக்கியது. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், மரங்களுக்குள் போய்விட்டது.

"ஏன் சுடல?" என்றான் மைலோ.

"போல்ட் மூட மாட்டேங்குது."

மைலோ அந்தத் தோட்டாவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். தன் ரைஃபிளில் போட்டுத் தள்ளினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடிக்கொண்டது. அவன் முகம் மாறியது.

"இது என்னோட கூடு, நடீன். கழுத்த மட்டும் இறுக்குனா, எந்த ரைஃபிள்ல சுட்டுச்சோ, அதுல தோட்டா உக்கார்ற அறையோட அளவுலயேதான் உடம்பு இருக்கும். அந்த ரைஃபிளுக்கு அது கச்சிதமாப் பொருந்தும், அதுக்குத்தான் அண்ணன் அப்படிப் பண்றான். என் ரைஃபிள் அறை கொஞ்சம் அகலம். அதுல விரிஞ்சது அவனோடதுல எப்படி நுழையும்? நான் முழுசா இறுக்குற ஆளு, எதுலயும் போகும். எனக்கு இது தோணவே இல்ல பாரு."

நடீன் கையிலிருந்த இன்னொரு தோட்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு, அடிப்பக்கத்தைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியுமா என்று கேட்டாள்.

"பிரைமர் கழல்றதுக்கு முன்னாடின்னா தெரியும். என் ரைஃபிள் ஊசி நடுவுல குத்தாது, ஓரமாக் குத்தும். அண்ணன் அதச் சொல்லிச் சொல்லியே என்னக் கேலி பண்ணுவான். எதுக்குக் கேக்குற?"

அவள் பனி படர்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். கராஜில் அவர் அந்தக் கூட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது, கண்ணை மூடிக்கொண்டு 'ம... ம...' என்று தேடியது, எல்லாம் வந்தது. தன் தம்பியின் பெயரைத் தேடியிருக்கிறார். நாள்தோறும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, மலையில் இவளுக்கு இப்படி ஆகும் என்று தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார். அவளோ நாட்காட்டியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். மைலோ கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான்.

வண்டிச் சத்தம் கேட்டு ஹார்லன் ஜன்னலுக்கு வந்தார். வண்டியின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். நடீன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, இரண்டு தோட்டாக்களை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இது மைலோவோடது. இதத்தான நீ சொன்ன?"

அவர் அவற்றைப் பார்த்தார். இடது கையால் கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்து அவளும் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றாள், சிரிப்பு அடங்கியதும். "நீ ஒண்ணும் குழந்த இல்ல. நான்தான் கேக்கல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். "செவ்..." என்று ஆரம்பித்து, எரிச்சலோடு தலையை உதறிக்கொண்டார். மறுபடி கண்ணை மூடினார். அவள் எழுந்திருக்காமல் காத்திருந்தாள்.

"நடீன்" என்றார்.

பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோலத்தான் சொன்னார். அவளும் வழக்கம்போல "என்ன?" என்றாள். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வார இறுதியில் கிர்ஸ்டன் வந்திருந்தாள். மைலோ ஹார்லனின் ரைஃபிளைக் கொண்டுவந்து, போல்ட்டிலிருந்து ஊசியைக் கழற்றி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், ஊசி இல்லாமல் அது வெடிக்க வழியில்லை. கிர்ஸ்டன் சமையலறை வாசலில் கைகட்டி நின்று பார்த்தாள். ஹார்லன் ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே வைத்து, வலது கையாலேயே போல்ட்டை மூடிப் பார்த்தார். மூடியது ஒரு பக்கம், மறுத்தது இன்னொரு பக்கம். கொஞ்ச நேரத்தில் கிர்ஸ்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோட்டாக்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். "இது என்னப்பா?" என்பாள். "ஆகாது" என்பார். "இது?" "ஆகும்." அந்த இரண்டு சொல்லும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவள் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்குப் பிள்ளைகளையும் கூட்டி வருவதாகச் சொன்னாள்.

நன்றி நாளுக்கு முந்தைய வாரம், பருவம் முடியப்போகிற நேரத்தில், நடீன், மைலோ, ஹார்லன் மூன்று பேருமாகப் போனார்கள். ஹார்லனைப் பாதையோரத்தில் வண்டியிலேயே, ஹீட்டரைப் போட்டு, மடியில் போர்வையும் பக்கத்தில் சூடான காபியுமாக உட்கார வைத்தார்கள். அவரால் வேட்டை பார்க்க முடியாது, ஆனால் சுடும் சத்தம் கேட்கும் என்பது ஏற்பாடு.

ஒரே சத்தம்தான் கேட்டது. பெட்டை எல்க் சில அடி ஓடி, முன்னங்கால் மடங்கி, பனியில் படுத்தது. நடீன் நெருங்கிப் போய் அது அடங்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு மைலோ கத்தியை எடுத்தான். கறியைப் பனியில் இழுத்து இறக்க வேண்டிய கயிறும் சறுக்குப் பலகையும் எடுத்துவர அவள் வண்டிக்கு இறங்கினாள். ஹார்லன் கையை ஆட்டிக்கொண்டு வெளியே நிற்பார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தாளாம்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, தொப்பி காதுக்கு மேல் சரிந்திருந்தது. குறட்டையில் ஜன்னல் கண்ணாடி பூத்துப்போயிருந்தது. நடீன் மெதுவாகக் கதவைத் திறந்து ஏறி, கையுறையைக் கழற்றி, விறைத்த விரல்களை ஹீட்டருக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. மேலே மைலோ காத்திருப்பான், காத்திருக்கட்டும் என்றிருந்தது.

தானாகவே விழித்தார். அவள் முகத்தைப் பார்த்தார், சட்டைக் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"எங்க?"

அவள் மலையைக் காட்டினாள். அவர் போர்வையை விலக்கிக் கையுறையைத் தேட ஆரம்பித்தார். ஏற்றம், பனி, நீ வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே காலை வெளியே வைத்திருந்தார். சறுக்குப் பலகையை அவள் ஒரு கையால் இழுத்தாள், இன்னொரு கையால் அவர் இடுப்புப் பட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். பத்து அடிக்கு ஒரு முறை நின்றார்கள். அவர்கள் மெல்ல வருவதைப் பார்த்து மைலோ மேலிருந்து, "என்ன, ரெண்டு பேரும் கல்யாண ஊர்வலமா வரீங்க?" என்று கத்தினான். ஹார்லன் மூச்சு வாங்கிக்கொண்டே அவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை மிகத் தெளிவாக இருந்தது. அதை நடீன் என்னிடம் சொன்னாள், நான் இங்கே எழுதமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலிக்கு மேலே ஒரு காகிதப் பொட்டலம் எங்களுக்கும் வந்தது. முதுகுப் பக்கத்து இறைச்சி. வெங்காயமும் கேரட்டும் போட்டு மெதுவாக வேகவைத்தேன். நல்ல மிருதுவான கறி.